மர்மப் படங்களில் சந்தேகம் யார் மீது விழுந்தது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். 1950களிலும் 60களிலும் வந்த துப்பறியும் படங்களிலும் மர்மப் படங்களிலும் எல்லாத் தரப்பு மக்களும் இடம்பெற்றார்களா என்பது ஒன்று. இடம்பெறவில்லை என்றால், அந்தக் காலத்துப் படங்களை இந்தக் காலத்துக் கண்ணால் பார்த்துக் குறை சொல்வது நியாயமா என்பது மற்றொன்று. ஆம்பூரில் இருந்துகொண்டு உங்கள் ஆய்வேட்டுக்காக இதைக் கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் புழங்கும் வட ஆற்காட்டில் வளர்ந்தவர்களுக்கு, திரையில் யார் இல்லை என்பது சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும்.

முதல் கேள்விக்கு என் விடை இது: பலரும் இடம்பெற்றார்கள்; ஆனால் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். குடும்பப் படம் ஒன்றில் ஒரு பாத்திரம் சும்மா வந்து போகலாம். மர்மப் படத்தில் அதற்கு வழியில்லை. அங்கே கண்ணில் படும் ஒவ்வொருவரும் கொலையுண்டவராகவோ, சந்தேகத்துக்கு உரியவராகவோ, சாட்சியாகவோ, விசாரிக்கிறவராகவோ இருந்தாக வேண்டும். ஆகவே, கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, பதில் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் யார் நிற்கிறார்கள், யாருடைய முகத்தைக் கண்டதும் பார்வையாளர்கள் 'இவன்தான்' என்று முடிவு கட்டுகிறார்கள் என்பவற்றை வைத்தே ஒரு சமூகத்தின் மனத்தை அளந்துவிடலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணுவதைவிட இந்தக் கணக்கே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இதை ஒரே காட்சியில் விளங்கவைக்கும் படம், நார்மன் ஜூவிசன் இயக்கி 1967இல் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். இரவில் ஒரு பணக்காரர் கொலையாகிக் கிடக்கிறார். ஊரைச் சுற்றிவரும் காவலர் ரயில் நிலையத்துக்குள் நுழைகிறார். காத்திருப்போர் அறையில் ஒரு கறுப்பின மனிதர், நேர்த்தியாக உடையணிந்து, அடுத்த ரயிலுக்காகத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னரே சுவரோடு சுவராக நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். பணப்பையில் கொஞ்சம் பணம் இருந்ததே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகுதான், அவர் பிலடெல்பியா நகரக் காவல் துறையில் கொலை வழக்குகளைத் துப்பறியும் அதிகாரி என்பது தெரியவருகிறது. சிட்னி பாய்ட்டியர் நடித்த அந்தப் பாத்திரம், சந்தேகிக்கப்படுகிறவன் உட்காரும் நாற்காலியிலிருந்து எழுந்து விசாரிக்கிறவரின் இடத்துக்கு நடந்துபோவதுதான் படமே. காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ நள்ளிரவில் வண்டிக்குக் காத்திருந்து, நடைமேடையில் வரும் காவலர் யாரை எழுப்புகிறார், யாரை எழுப்பாமல் கடந்து போகிறார் என்று கவனித்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கதை நடப்பது மிசிசிப்பி மாநிலத்தில். ஆனால் படத்தின் பெரும்பகுதியை இல்லினாய் மாநிலத்தில்தான் எடுத்தார்கள். 1964இல் மிசிசிப்பிக்குச் சென்றிருந்தபோது பாய்ட்டியரும் அவருடைய நண்பரான கறுப்பின நடிகர் ஹாரி பெலஃபாண்டேயும் இனவெறிக் கும்பலால் காரில் துரத்தப்பட்டிருந்தார்கள். அதனால் தென்பகுதியில் படப்பிடிப்பு நடத்தப் பாய்ட்டியர் எளிதில் உடன்படவில்லை.

அந்த இடத்துக்கு வந்துசேர ஹாலிவுட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை விதித்தொகுப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று எழுத்திலேயே தடுத்தது. 1956இல்தான் அந்த விதி நீங்கியது. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளரை வைத்து வரிசையாகப் படங்கள் வந்தன. அவராக நடித்துப் புகழ்பெற்ற வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர், அவருக்குப் பின் வந்த சிட்னி டோலரும் வெள்ளையர். கேள்வி கேட்கும் அதிகாரத்தைச் சீனருக்குக் கொடுத்ததுபோல் கொடுத்து, அந்த முகத்தை மட்டும் வேறொருவருக்கு மாட்டிவிட்டார்கள். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தில் இதே குறை இருக்கிறது. மெக்சிகோ அதிகாரியாக சார்ல்டன் ஹெஸ்டன் முகத்தில் கருமை பூசிக்கொண்டு வருகிறார். இருந்தாலும் அந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மூல நாவலில் நாயகன் அமெரிக்கன், மனைவிதான் மெக்சிகோக்காரி. வெல்ஸ் அதைத் தலைகீழாக்கி, நேர்மையான அதிகாரியை மெக்சிகோக்காரராகவும், பொய்ச் சான்று வைத்து மெக்சிகோ இளைஞனைச் சிக்கவைக்கும் அதிகாரியை அமெரிக்கராகவும் ஆக்கினார். நடிகர் தேர்வில் பழமையும் கதையின் நோக்கில் துணிவும் ஒரே படத்தில் இருக்கின்றன. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்துவிட வேண்டாம்.

1959ஆம் ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் மூன்று படங்கள் வந்தன. சாமுவேல் ஃபுல்லரின் 'தி கிரிம்சன் கிமோனோ' படத்தில் ஜேம்ஸ் ஷிகேட்டா என்ற ஜப்பானிய அமெரிக்க நடிகர் துப்பறிவாளராகவே நடித்தார். நாயகியின் காதலும் வெள்ளைக்கார நண்பனை விட்டு அவருக்கே கிடைக்கிறது. பெலஃபாண்டே தம் சொந்த நிறுவனத்தின் மூலம் தயாரித்து நடித்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ', வங்கியைக் கொள்ளையடிக்கச் சேரும் மூவரில் ஒருவனின் நிறவெறியாலேயே திட்டம் முழுவதும் பாழாவதைச் சொல்கிறது. திரைக்கதை எழுதிய ஆபிரகாம் பொலான்ஸ்கி அரசியல் காரணத்தால் தடைப்பட்டியலில் இருந்தவர் என்பதால் அவர் பெயரைப் போட முடியாமல், கறுப்பின எழுத்தாளர் ஜான் கில்லன்ஸின் பெயரைப் போட்டார்கள். 1996இல்தான் உரியவருக்கு உரிய பெயர் திரும்பியது. மூன்றாவது, பிரிட்டனில் பேசில் டியர்டன் இயக்கிய 'சஃபயர்'. லண்டனில் வெள்ளையின மாணவி என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு பெண் கொலையாகிறாள். அவளுடைய அண்ணன் காவல் நிலையத்துக்கு வருகிறார். கதவைத் திறந்து உள்ளே வருபவர் கறுப்பின மருத்துவர். விசாரிக்கும் அதிகாரிகளின் முகம் அந்த நொடியில் மாறுகிறது. இறந்தவள் யார் என்பது மாறியதும், யாரைச் சந்தேகிப்பது, எந்தத் தெருவில் போய்த் தேடுவது என்பது எல்லாம் மாறிவிடுகிறது. அதே இயக்குநர் 1961இல் 'விக்டிம்' என்ற படத்தில், தன்பாலின ஈர்ப்பைக் குற்றமாக்கிய சட்டம் மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு எப்படித் துணைபோகிறது என்று காட்டினார். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1967இல் திருத்தப்பட்டது.

இனி நம்முடைய படங்களுக்கு வருகிறேன். உங்கள் ஆய்வேட்டின் நெஞ்சுப் பகுதியாக 'அந்த நாள்' படத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன். ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954 ஏப்ரலில் வெளிவந்தது. பாட்டோ நடனமோ சண்டையோ கிடையாது. அதே ஏப்ரலில்தான் காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். சட்டமன்றத்துக்குள் நுழைய அவர் தேர்ந்துகொண்ட தொகுதி நம் குடியாத்தம். படம் தொடங்கியவுடன் வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். நாயகனாகக் கொண்டாடப்பட்ட சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே பிணமாக்கி, போகப்போக அவனையே நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாகவும் ஆக்கிய துணிவு அன்றைக்குப் பெரிது. துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவரையும் விசாரிக்க, பக்கத்து வீட்டுச் சின்னையா ராஜனின் தம்பியைக் காட்டுகிறார், தம்பி தன் மனைவியையே காட்டுகிறான், அவள் ராஜனின் ஆசைநாயகியான அம்புஜத்தைக் காட்டுகிறாள், அம்புஜமோ சின்னையாவைக் காட்டுகிறாள். சந்தேகம் ஒரு வளையம்போல் சுற்றிவந்து, கடைசியில் மனைவி உஷாவிடம் நிற்கிறது. அவள் கையிலிருந்த துப்பாக்கிதான் ராஜனின் உயிரைக் குடித்தது.

இந்த வளையத்தில் உள்ள ஐவரில் மூவர் பெண்கள். மூவரும் தாம் கண்டதைத் தம் வாயாலேயே சொல்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே காட்சி விரிகிறது. தம்பி மனைவி, நடனக்காரி, இல்லத்தரசி என்று சமூகம் மூன்று தட்டுகளில் வைத்த பெண்களுக்கு ஒரே அளவு வாக்குமூல உரிமை கிடைக்கிறது. பண்டரிபாய் நடித்த உஷா, கணவனே தெய்வம் என்று திரையெங்கும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், கணவனைவிட நாடு பெரிது என்று முடிவெடுக்கிறாள். படம் அவளைத் தண்டிக்கத் துடிக்கவில்லை. நான் பார்த்த தமிழ் மர்மப் படங்களில் ஒரு பெண்ணின் மனச்சான்றுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படம் வேறில்லை.

ஆயினும் அந்த வளையத்துக்குள் யார் நுழையவே முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐவரும் சென்னையின் படித்த, வசதியுள்ள வட்டத்தைச் சேர்ந்தவர்கள், அல்லது அதை ஒட்டி வாழ்கிறவர்கள். இது இந்தப் படத்தின் தனிக் குறை இல்லை. மர்மக் கதையின் அடித்தளமே அப்படிப் போடப்பட்டுவிட்டது. கொலை நடக்க ஒரு மாடி வீடு வேண்டும், அடித்துக்கொள்ள உயில் வேண்டும், மிரட்டத் தொலைபேசி வேண்டும், துரத்தக் கார் வேண்டும். சொத்து உள்ளவர்களுக்கே மர்மம் என்று ஆகிவிட்டால், சொத்து இல்லாதவர்களுக்குக் காவற்காரன், தோட்டக்காரன், சமையற்காரன் என்ற மூன்று வேடங்கள்தாம் மிஞ்சும். அவர்களும் பிணத்தைப் பார்த்து அலறுவதற்கே வருவார்கள். மலைமேல் எஸ்டேட் பங்களாவில் நடக்கும் எத்தனையோ திகில் கதைகளில் பங்களாவின் ஒவ்வொரு ஜன்னலும் நமக்கு அத்துப்படி ஆகிவிடுகிறது. அந்த எஸ்டேட்டில் தேயிலை பறித்த கைகளை மட்டும் காட்ட மாட்டார்கள். தோல் பதனிட்டும் பீடி சுற்றியும் பிழைத்த நம் மாவட்டத்துச் சேரி மக்களும் உருது பேசும் குடும்பங்களும் ஒரு துப்பறியும் கதையில் விசாரிக்கிறவராக வர முடியும் என்ற எண்ணமே அன்று யாருக்கும் எழவில்லை. முஸ்லிம் பாத்திரம் என்றால் கொச்சைத் தமிழ் பேசி உயிரைக் கொடுக்கும் 'பாய்'. நல்லவராகத்தான் காட்டினார்கள், ஆனால் எப்போதும் விருந்தாளியாகவே காட்டினார்கள்.

கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் வேறு விதமாகச் சிக்கினார்கள். மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி, 1939இல் நம் வட ஆற்காட்டுக்கு வந்து, இடையில் தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுவதும் நிலைபெற்று 1971 வரை நீடித்தது. ஆகவே, இந்தக் காலப் படங்களில் கையில் மதுக்கோப்பை இருக்கிறது என்றாலே அவன் சட்டத்தை மீறுகிறவன் என்று பார்வையாளர்களுக்கு உடனே புரியும். கதாசிரியர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. நடன விடுதி, மது, மேல்நாட்டு உடை ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி, அதன்மேல் ஜூலி, ராபர்ட் போன்ற பெயர்களை ஒட்டிவிட்டார்கள். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய எஞ்சின் டிரைவர்களும், மருத்துவமனைகளில் இரவு முழுவதும் கண்விழித்த செவிலியர்களும் அதே பெயர்களைத் தாங்கியவர்கள்தாம். அவர்களில் எவரும் திரைக்குப் போகவில்லை. பெயர் மட்டும் போயிற்று.

பெண்களைப் பற்றி இன்னொரு படத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை' (1964) படத்தில் சரோஜாதேவி ஏற்ற லதா, காதலியாகப் பழகிக் கடைசியில் தான் துப்பறிய வந்த காவல் அதிகாரி என்று வெளிப்படுகிறாள். தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல்தான் என்பதை நினைத்தால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே திரையில் ஒரு பெண் கொலை வழக்கை முடித்துவைத்தது சாதாரணமில்லை. ஆனால் அதே படத்தில் இறந்துபோன மனைவியின் நிலை என்ன? சௌகார் ஜானகி நடித்த சித்ரா குடிப்பவள், விடுதியில் பாடுபவள். அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவளைக் கன்னத்தில் அறைந்து, அந்த அடியில் அவள் இறக்கக் காரணமான கணவன் சொல்வது மட்டுமே. அவளுக்கு வாக்குமூலம் கிடையாது. கணவனுக்காக நாம் கண்ணீர் விடும்படி படம் அமைந்திருக்கிறது. நானும் இளவயதில் அழுதிருக்கிறேன். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே வந்த 'அந்த நாள்' மூன்று பெண்களுக்குத் தந்த பேச்சுரிமையைப் 'புதிய பறவை' சித்ராவுக்குத் தரவில்லை. பண்டரிபாயும் சரோஜாதேவியும் கன்னட நாட்டிலிருந்தும் சௌகார் ஜானகி ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள், எம்.என். நம்பியார் மலையாளி. கேமராவுக்கு முன்னே இத்தனை மொழியினர் நின்றும், கதைக்குள் எல்லோரும் ஒரே மொழிக்காரர்களாகவே வாழ்ந்தார்கள். பன்மை கூலி வாங்கும் இடத்தில் இருந்தது, கதை சொல்லும் இடத்தில் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு என் சொந்த நினைவு ஒன்றிலிருந்து பதில் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊரில் டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. தரை டிக்கெட் எடுத்தவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். பழைய துப்பறியும் படங்கள் வந்தால் என் நைனா என்னை அழைத்துப்போவார். எங்கள் தெருவுக்கு அடுத்த சேரியிலிருந்து ஓர் அண்ணன், தோல் தொழிற்சாலையில் வேலை முடித்து, கோடு போட்ட பனியன், கைலி, கழுத்தில் வியர்வை துடைக்கும் கைக்குட்டை என்று அப்படியே கொட்டகைக்கு வந்துவிடுவார். ஒரு நாள் திரையில் கொள்ளைக் கூட்டத்து அடியாள் அச்சாக அதே உடையில் தோன்றினான். பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, நீங்க எப்போ சினிமாவுல சேந்தீங்க?" என்று கத்த, கொட்டகையே அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, படம் தொடங்கிய பிறகு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பின் கைலியோடு அவரைக் கொட்டகையில் நான் பார்த்ததில்லை.

ஆகவே, அன்றைய மக்களுக்கு இது தெரியாது, இன்றைய கண்தான் இதைக் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. சொந்த நிறுவனம் தொடங்கிய பெலஃபாண்டேக்கும் தெரிந்திருந்தது. உஷாவை எழுதியவர்களுக்கும் ஓரளவு தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அன்றே மாற்றி எடுக்க முடிந்தவர்கள் இருந்ததால், மாற்றி எடுக்காதவர்களைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்காகப் படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான் இன்றும் அவற்றை ஆசையோடு பார்க்கிறேன்.

வேலைக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் 'அந்த நாள்', பிறகு 'புதிய பறவை', அதன்பின் 'சஃபயர்' என்ற வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, யார் கேள்வி கேட்டார், யாரிடம் கேட்டார், யார் தம் கதையைத் தாமே சொன்னார், யாருக்கு வசனமே இல்லை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நான்காவது பத்திக்கு மட்டும் படத்தை இரண்டாம் முறை, கதை தெரிந்த பிறகு, பின்னணியில் நிற்பவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். நம்பியார் நாயகனாகவே பல வேடங்களில் துப்பறியும் 'திகம்பர சாமியார்' (1950) கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடம் போடுகிறவர் எந்தச் சமூகத்தின் உடையை எதற்காக அணிகிறார் என்று குறித்தாலே ஓர் இயல் எழுதலாம்.